'கம்ப்யூட்டர் படம்' என்று ஓரமாக வைக்காதீர்கள்: வேலூர் வட்டார ஓவியக் கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஓவியக் கண்காட்சிகளும் போட்டிகளும் நடத்தும் குழுவினருக்கும், அவற்றில் நடுவர்களாக அமரும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் விண்ணப்பப் படிவம் பற்றியே இந்த மடல். படிவங்களில் வழக்கமாக இரண்டு பிரிவுகள்தான் இருக்கின்றன: ஓவியம், டிஜிட்டல். அரூப ஓவியம், அதாவது ஆள், மரம் என்று உருவம் காட்டாத ஓவியம், வரைகிற ஒருவர் தாளில் அக்ரிலிக்கைக் கத்தியால் இழுக்கிறார். காய்ந்ததும் அதை ஸ்கேன் செய்கிறார். கணினியில் அடுக்கடுக்காகப் பிரித்து, சிலவற்றைப் பெரிதாக்கி, சிலவற்றை அழித்து, கித்தானில் (கேன்வாஸ் துணியில்) அச்சிடுகிறார். அந்தக் கித்தான் மேல் மறுபடியும் கையால் வண்ணம் ஏற்றுகிறார். இந்தப் படைப்பு எந்தப் பிரிவில் சேரும்? ஓவியம் என்று கொடுத்தால் "அடியில் பிரிண்ட் இருக்கிறதே" என்று திரும்பி வருகிறது. டிஜிட்டல் என்று கொடுத்தால் கோப்பை மட்டும் அனுப்பச் சொல்கிறார்கள். மேலே ஏறிய கைவண்ணம் அந்தக் கோப்பில் இருக்காது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருப்பதால், இப்படி வேலை செய்கிற இளையவர்கள் சொந்த ஊரில் படம் வைக்காமலே போகிறார்கள்.

நாங்கள் கேட்பது இரண்டு: கைவேலையும் கணினியும் அச்சும் சேரும் கலப்பு முறைக்கு மூன்றாவதாக ஒரு பிரிவு, படைப்போடு கட்டாயமாக ஒரு பக்கச் செய்முறைத் தாள். அந்தத் தாளில் என்ன கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பதை விளங்கச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளம்.

இது புதுமோகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 1965-லேயே ஜெர்மனியில் கியோர்க் நீஸும் ஃபிரீடர் நாக்கேயும் கணினி வரைந்த கோட்டுப்படங்களைக் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். கையால் அரூபம் வரைந்துகொண்டிருந்த வேரா மோல்னார் 1968-இல் கணினிக்கு வந்தார். ஓவியர் ஹெரால்ட் கோஹன், தான் எழுதிய 'ஆரோன்' என்ற கணினி நிரல் போட்ட கோடுகளுக்குத் தானே கையால் வண்ணம் தீட்டினார். ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர், 1990-இல் தான் வரைந்த ஓர் அரூப ஓவியத்தைக் கணினியில் கீற்று கீற்றாகப் பிளந்து, 2011 முதல் 'ஸ்ட்ரிப்' என்ற வரிசையைச் செய்தார். நம் பக்கத்தில் சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்தையும் கணக்குக் குறிகளையும் கித்தானுக்குக் கொண்டுவந்தார். 1974-இல் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் வாசல் கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலத்தைப் படிப்படியாக உருவாக்கும் விதிகள், எழுதினார்கள். புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் கைக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது என்பதை உலகத்துக்குக் காட்டிய வேலை அது.

இனி செய்முறைக்கு வருவோம். முதல் சிக்கல் ஸ்கேனரிலேயே தொடங்கிவிடுகிறது. கடைகளில் இருக்கும் மெல்லிய, மலிவான ஸ்கேனர்கள் கண்ணாடியோடு ஒட்டிய பரப்பை மட்டும் கூர்மையாக எடுக்கும். வண்ணம் இரண்டு மில்லிமீட்டர் புடைத்திருந்தால், தாளின் மற்ற பகுதி கண்ணாடியை விட்டு எழும்பி மங்கிவிடும். உள்ளே கண்ணாடிகளும் லென்ஸும் வைத்த பழைய, கனமான சி.சி.டி. வகை ஸ்கேனர் சில மில்லிமீட்டர் ஆழத்தைத் தாங்கும். அதற்கும் மேல் புடைப்பு என்றால் கேமராதான். முக்காலியில் ஓவியத்துக்கு நேர் இணையாக வைத்து, இருபுறமும் 45 டிகிரியில் விளக்கு, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துளை எஃப் 8, கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பு, நிறத்தைப் பின்னால் ஒப்பிட்டுச் சரிசெய்ய முதல் படத்தில் 24 கட்ட வண்ண அட்டை. ஈரம் போலப் பளபளக்கும் பரப்பாக இருந்தால் விளக்குகளுக்கு முன் பளபளப்பை வெட்டும் போலரைசர் தாளும், லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசரும் வேண்டும். இல்லாவிட்டால் கத்தித் தடத்தின் முகடெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் பதியும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எவ்வளவு நுணுக்கத்தில் எடுக்க வேண்டும் என்பது சின்னக் கணக்கு. 8 அங்குல அகலமுள்ள தாளை 24 அங்குலக் கித்தானாக்கினால் மூன்று மடங்கு. இறுதியில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் ஸ்கேன் 900-இல் இருக்க வேண்டும். 24-க்கு 36 அங்குலக் கித்தான் என்றால் 7,200-க்கு 10,800 புள்ளிகள். அதை நிறச் சாயல்களை நுணுக்கமாகக் காக்கும் 16 பிட் அமைப்பில் வைத்தால் ஓர் அடுக்குக்கே ஏறத்தாழ 470 எம்.பி. ஆகும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அரூபத்தில் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். முகமோ மரமோ இல்லாததால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். உண்மை நேர்மாறானது. அரூபத்தில் பார்ப்பவர் கண் நிற்பதே விளிம்பிலும் தடத்திலும்தான். அங்கே சதுரம் சதுரமாகச் சிதைந்திருந்தால் படத்தில் வேறு எதுவும் மிஞ்சாது.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. குடியாத்தம் லுங்கித் துணியையோ வாலாஜா நெசவையோ ஒட்டி, மேலே வண்ணம் பூசி ஸ்கேன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நூலின் கட்டமும் ஸ்கேனரின் கட்டமும் மோதி, துணியில் இல்லாத அலை அலையான கோடுகள் தோன்றும். தாளைச் சில டிகிரி சாய்த்து, நுணுக்கத்தைக் கூட்டி மறுபடி எடுத்து, பிறகு நேராக்கிக்கொள்ள வேண்டும். தங்க ரேக்கு (மெல்லிய பொன் தகடு) ஒட்டியிருந்தால் ஸ்கேனில் அது மண் நிறமாகவோ கறுப்பாகவோதான் விழும். பளபளப்பு நிறமன்று, ஒளி திரும்பும் விதம். ஆகவே ரேக்கை அச்சிட்ட பிறகு கையால்தான் ஒட்ட வேண்டும். ஒளிரும் இளஞ்சிவப்பு, காட்மியம் ஆரஞ்சு போன்றவை அச்சு மையின் எல்லைக்கு வெளியே நிற்பவை. அவற்றையும் கைக்கென்று ஒதுக்கிவைப்பவர் தொழில் தெரிந்தவர்.

கணினிக் கட்டத்தில் நடுவர்கள் பார்க்க வேண்டியது முடிவெடுத்த தடம். மென்பொருளின் ஒரு வடிகட்டியை (ஃபில்டரை) ஒரே அழுத்தில் போட்டுவிட்டு வந்த படமும், பதினைந்து அடுக்குகளில் எது மேலே எது கீழே என்று நாள்கணக்கில் மாற்றிப் பார்த்த படமும் ஒன்றாகாது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அடுக்குகள் தெரியும்படி எடுத்த மூன்று திரைப்பிடிப்புகளைச் செய்முறைத் தாளோடு கேட்பது. சொல்லைக் கொடுத்துச் செயற்கை நுண்ணறிவிடம் படம் வாங்கியிருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். தன் கைத்தடத்தைத் தானே ஸ்கேன் செய்து கட்டியதும், வாங்கி ஒட்டியதும் வேறு வேறு உழைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது இருவருக்குமே நியாயமாகாது.

திரையில் பார்த்ததும் அச்சில் வந்ததும் ஒத்துப்போகாமல் இருப்பதுதான் எல்லோரும் படுகிற பாடு. பெரும்பாலும் காரணம் திரையின் வெளிச்சம். கடையிலிருந்து வந்தபடியே விட்ட மானிட்டர் கண்ணைக் கூசும். அதில் சரிபார்த்த படம் அச்சில் இருண்டு விழும். சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்குக் குறைத்து, அளவீட்டுக் கருவியால் சரிசெய்ய வேண்டும். அடுத்தது, திரை நிறத்தை அச்சு நிறத்துக்கு மாற்றும் வண்ண மேலாண்மையை மென்பொருளிலும் இயக்கிவிட்டு அச்சு இயந்திரத்தின் டிரைவரிலும் இயக்கிவிடுவது. ஒரே திருத்தம் இரண்டு முறை விழுந்து படம் முழுக்கச் செம்மை ஏறும். ஏதேனும் ஓரிடத்தில் அணைத்தே ஆக வேண்டும்.

அச்சைப் பொறுத்தவரை, நம் ஊரில் எந்தத் தெருவிலும் கிடைப்பது ஃபிளெக்ஸ். விளம்பரப் பலகைக்கு அது நல்ல பொருள், ஓவியத்துக்கு உதவாது. அடியில் இருப்பது பி.வி.சி., அதன் மேல் அக்ரிலிக் நெடுநாள் பிடிக்காது. வீட்டு பிரிண்டரில் வரும் சாய மையும் வேண்டாம், வெயிலில் வெளிறும், தண்ணீர் பட்டால் ஊறும். வேண்டியது நிறம் நுண்துகளாக இருக்கும் நிறமி மை. பரப்பு, 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையுள்ள பருத்தித் தாள் அல்லது மை வாங்கும் பூச்சுள்ள 340 முதல் 400 ஜி.எஸ்.எம். கித்தான். தாள் அமிலமற்றதா என்று கேளுங்கள். கண்ணைப் பறிக்கும் வெண்மைக்காக ஒளிர்வூட்டி சேர்த்த தாள் சில ஆண்டுகளில் மஞ்சளிக்கும்.

இனி நெஞ்சுப் பகுதி, அச்சின் மேல் கை ஏறும் இடம். வேலை கெட்டுப்போவதும் பெரும்பாலும் இங்கேதான், அவசரத்தால். அச்சு வெளியே வந்ததும் தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், ஆனாலும் 24 மணி நேரம் விட வேண்டும். மையில் மிஞ்சியிருக்கும் ஈரம் வெளியேறாமல் மேலே மூடினால் பின்னாளில் மூட்டம் போட்டது போல் வெளுக்கும். பிறகு ஸ்பிரே அக்ரிலிக் வார்னிஷ், ஓர் அடி தூரத்திலிருந்து, ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் விட்டு, மூன்று மெல்லிய பூச்சு. கொட்டியது போல் ஒரே பூச்சாக அடித்தால் ஓடும். அதன் மேல் மேட் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பூச்சு) அல்லது நிறமற்ற ஜெஸ்ஸோவை (அடிப்பூச்சை) அகலத் தூரிகையால் மெலிதாக ஒரு கை. இது வண்ணத்துக்குப் பிடிமானம் தரும். மறுபடி ஒரு நாள் காயவிட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன் பிறகே வண்ணம். இந்தப் பூச்சுகளைத் தாண்டிக் குதித்து நேரே நீர்த்த வண்ணத்தைப் போட்டால், மை வாங்கும் அடுக்கு தண்ணீரைக் குடித்து உப்பும், தூரிகையோடு அடிநிறம் கிளம்பி வரும். எண்ணெய் வண்ணத்தை நேரே தாள் அச்சில் வைத்தால் ஆளி விதை எண்ணெய் தாளில் இறங்கிப் பழுப்பாகி, தாளை நொறுங்கச் செய்யும். பூச்சின் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக் நிற்காது, ஏடாக உரியும்.

கித்தானை மடக்கும் விளிம்பு தனிக் கவனிப்பு கேட்கும். பூச்சுள்ள கித்தான் கூர்மையான கட்டையில் மடங்கினால் வெள்ளை வெள்ளையாக வெடிக்கும். நான்கு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக அச்சிட்டு, கட்டையின் விளிம்பை உப்புத்தாளால் மழுக்கிக் கட்டினால் தப்பிக்கலாம்.

வாணியம்பாடிக்கு அருகே மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில் 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களின் எச்சம் இருக்கிறது. பாறை மேல் சாந்து, சாந்தின் மேல் சுதை, அதன் மேல் நிறம். சாந்து உதிர்ந்த இடத்தில் ஓவியமும் உதிர்ந்துவிட்டது. அடித்தளம் என்ன, அதன் மேல் என்ன பூசினாய் என்ற கேள்வி அந்தச் சுவரிலிருந்து இந்தக் கித்தான் வரை ஒரே கேள்விதான். உங்கள் படிவம் அதைக் கேட்க வேண்டும்.

சிலர் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். முதலில் மரப்பலகையிலோ கித்தானிலோ கையால் மேடு பள்ளம் எழுப்பி, அதைப் புற ஊதா ஒளியால் மையை உறையவைக்கும் தட்டைமேசை யு.வி. அச்சு இயந்திரத்தில் வைத்து மேலே அச்சிடுவது. அச்சுத் தலைக்கும் பரப்புக்கும் இடையே சுமார் இரண்டு மில்லிமீட்டர்தான் இடைவெளி. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வேறுபாடு அதற்கு மேல் போனால் பள்ளத்தில் மை தூறலாகச் சிதறும், மேடு தலையில் இடித்தால் இயந்திரத்துக்கே சேதம். யு.வி. மை பரப்பின் மேலேயே உறைவது, வளைத்தால் வெடிக்கும். அப்படிப்பட்ட கித்தானைச் சுருட்டி அனுப்பச் சொல்லாதீர்கள். சட்டத்தோடேயே வாங்குங்கள்.

நடுவர்கள் எப்படிப் பார்க்கலாம்? தயவுசெய்து விரலை நனைத்துத் தேய்க்க வேண்டாம். ஒரு கைபேசி டார்ச்சும் பத்து மடங்கு உருப்பெருக்கியும் போதும். டார்ச்சைப் படத்தின் ஓரத்தில் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் விடுங்கள். கை ஏறிய இடம் எல்லாம் நிழல் போடும், அச்சு மட்டும் உள்ள இடம் சமமாகக் கிடக்கும். உருப்பெருக்கியில் அச்சு, தூவிய மாதிரிச் சிறு புள்ளிகளாகத் தெரியும். கைவண்ணத்தில் நிறமி கலங்கிய ஓட்டமும் தூரிகை மயிரின் கீறலும் இருக்கும். பிறகு எட்டடி பின்னால் போங்கள். அச்சும் கையும் எங்கே சேர்கின்றன என்று தெரியாமல் ஒரே மூச்சாகப் படம் நின்றால் அது ஒரு வெற்றி. வேண்டுமென்றே தையல் தெரிய விட்டு, அந்தத் தையலே படத்துக்கு இழுவிசை தந்தால் அதுவும் வெற்றி. அச்சில் வந்த பூவின் மேல் அலங்காரமாக நாலு பொட்டு வைத்தது போல இருந்தால், செய்முறைத் தாள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் மதிப்பெண் தராதீர்கள். நாங்கள் கேட்பது சலுகை இல்லை.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சு மையும் குழாய் வண்ணமும் வேறு வேறு நிறமிகள். ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நீலங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். பழைய டியூப்லைட்டின் பச்சைச் சாயலில் கலப்பு ஓவியங்கள் ஒட்டுப்போட்டது போலத் தோன்றுவதற்கு ஓவியர் பொறுப்பில்லை. நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் நிறமீட்சி எண் 90-க்கு மேல் உள்ள எல்.ஈ.டி. விளக்குகளை வாங்குங்கள், டப்பாவில் சி.ஆர்.ஐ. என்று அச்சிட்டிருக்கும். கித்தானுக்கு 150 முதல் 200 லக்ஸ் வெளிச்சம் போதும், தாள் அச்சுக்கு 50. சன்னல் வெயில் எதன் மேலும் விழக் கூடாது.

வேலூர் வெயிலைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது. அக்ரிலிக் ஒருவகை பிளாஸ்டிக், சூட்டில் இளகும். அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில், படங்களை முகத்தோடு முகம் சாய்த்து அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டும். பிரித்தால் ஒன்றின் வண்ணம் மற்றொன்றில் போய்விடும். குமிழ் உறையைக் குமிழ்ப்பக்கம் உள்ளே வைத்துச் சுற்றினால் வட்டம் வட்டமாக அச்சு விழும். முகத்தில் படுவது சிலிக்கோன் பூசிய ஒட்டாத தாளாக இருக்க வேண்டும், குமிழ் வெளிப்பக்கம் போக வேண்டும், மூலைகளில் அட்டைத் துண்டு வைத்து இடைவெளி விட வேண்டும். படங்களை ஏற்றிய வண்டியைச் சாத்திவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட தாள் அச்சில் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுன்ட் அட்டை இல்லாவிட்டால், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டும் படங்களுக்குப் பின்னால் கார்க் துண்டு வைத்து ஒரு சென்டிமீட்டர் காற்று விடுங்கள்.

திரையிலோ சுவரொளியிலோ ஓடும் படைப்பும் சில வரும். தொலைக்காட்சியை, நிறத்தை மிகைப்படுத்தும் 'விவிட்' அமைப்பிலிருந்து மாற்றுங்கள். மின்சாரம் போய் வந்தால் பெட்டி முதல் பக்கத்துக்கு வந்து நின்றுவிடும், மறுபடி ஓடவிட யாருக்காவது பொறுப்புக் கொடுங்கள் அல்லது சிறு யு.பி.எஸ். வையுங்கள். புரொஜெக்டர் 3,000 லூமன் என்றாலும் சன்னல் திறந்த கூடத்தில் படம் வெளுத்துத்தான் தெரியும்.

பதிப்பு எண்ணையும் கேளுங்கள். ஒரே கோப்பிலிருந்து பத்து அச்சு எடுத்து, பத்திலும் கைவேலை வேறு வேறாக இருந்தால் 3/10 (பத்தில் மூன்றாவது) என்ற எண்ணோடு 'கைவேலை சேர்த்தது' என்ற குறிப்பும் இருக்க வேண்டும். வாங்குபவருக்கு இது தெரியாமல் விற்பது தவறு. ஒரே ஒரு அச்சுத்தான் என்றால் அதையும் எழுதட்டும். கையெழுத்து தாளில் பென்சிலாலோ நிறமிப் பேனாவாலோ, கித்தானில் பின்புறம். பால்பாயிண்ட் மங்கும், ஊடுருவும்.

உரிமை விஷயத்தில் குழுக்கள் கவனமாக இருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஓவியத்துக்கு, அதில் கலைத்தரம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே, ஓவியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் காப்புத் தருகிறது. படத்தை விலைக்கு வாங்கியதாலேயே நகலெடுக்கும் உரிமை வந்துவிடாது. அழைப்பிதழிலும் பேனரிலும் போட எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஓரத்தை வெட்டிப் போடாதீர்கள். முதல் சுற்றுத் தேர்வுக்கு மூலக் கோப்பைக் கேட்காதீர்கள். கலப்பு ஓவியருக்கு அந்தக் கோப்புதான் அச்சுப் பாளம். நீளப் பக்கம் 2,000 புள்ளியுள்ள ஜே.பி.ஜி., பக்கவாட்டு ஒளியில் எடுத்த ஓர் அண்மைப் படம், இரண்டும் போதும்.

ஆகச் செய்முறைத் தாளில் கேட்க வேண்டியவை இவ்வளவே: முதல் கைவேலை எந்தப் பொருளில், எந்த அளவில், எப்படி எண்மமாக்கப்பட்டது, கணினியில் என்ன செய்யப்பட்டது, திரைப்பிடிப்புகளோடு, செயற்கை நுண்ணறிவு உண்டா, எந்த மை, எந்தப் பரப்பு, இடையில் எந்தப் பூச்சு, அச்சின் மேல் எந்த வண்ணம், படத்தின் எந்தப் பகுதியில், பதிப்பு எண், சுருட்டலாமா கூடாதா. தமிழில் எழுத ஒரு பக்கம் தாராளம். பள்ளி மாணவரும் நிரப்ப முடிகிற மாதிரி, வரிக்கு வரி கேள்வியாக அச்சிட்டுக் கொடுங்கள்.

அடுத்த கண்காட்சிக்கான அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் இந்தப் பிரிவைச் சேர்க்க வேண்டுகிறோம். படிவத்தின் மாதிரியைத் தட்டச்சு செய்து தரவும், நடுவர் அமரும் நாளில் டார்ச்சும் உருப்பெருக்கியும் எடுத்து வந்து உடன் நிற்கவும் எங்களில் இருவர் மூவர் எப்போதும் வருவோம்.

இப்படிக்கு,
வேலூர் வட்டாரத்தில் தூரிகையோடும் அச்சு இயந்திரத்தோடும் வேலை செய்கிறவர்கள்